தண்ணீர் வடிந்த பிறகு வாங்க: ஒகேனக்கல் பாறைகளுக்கு நடுவே பரிசலில் போக

ஒகேனக்கல்லுக்கு வண்டி வேண்டும் என்று கூப்பிடுகிறவர்கள் முதலில் வாடகை கேட்பார்கள். அடுத்த கேள்வி, "அண்ணா, அருவியில தண்ணி நல்லா விழுதா?" தர்மபுரியில் டெம்போ டிராவலர் ஓட்டுகிற நான் திருப்பி ஒன்று கேட்பேன்: "உங்களுக்கு அருவி வேணுமா, பாறை வேணுமா?" எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. இரண்டும் ஒரே நாளில் முழுசாகக் கிடைக்காது என்பது வெளியூர்க்காரர்கள் பலருக்குத் தெரியாது.

காவிரி கரைபுரண்டு வருகிற நாளில் அருவி அட்டகாசமாக இருக்கும். ஆனால் பரிசல் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடக்கும். தண்ணீர் வடிந்தால் அருவி மெலிந்துவிடும். அதற்குப் பதில் இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழுந்து நிற்க, நடுவில் உள்ள சந்தில் பரிசல் போகும். தண்ணீர் எத்தனை அடி இறங்குகிறதோ அத்தனை அடி பாறை உயரும். கணக்கு அவ்வளவுதான். என் ஓட்டு பாறைக்கு. அதைப் பார்க்க வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அருவிதான் வேண்டும் என்பவர்கள் ஆடி மாதம் வந்து தொங்கு பாலத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகலாம், தப்பில்லை.

முதலில் நீர்வரத்து

பஸ், ரூம், வண்டி எதையும் முடிவு செய்வதற்கு முன்னால் ஒகேனக்கல் நீர்வரத்து எவ்வளவு என்று பாருங்கள். தினசரிப் பத்திரிகையில் தர்மபுரிப் பக்கத்தில் வரும், டி.வி.யிலும் சொல்வார்கள். ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழ்நாட்டுக்கு வருகிற எல்லையில் பிலிகுண்டுலு இருக்கிறது. மத்திய நீர்வள ஆணையம் தண்ணீரை அளப்பது அங்கேதான். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) தண்ணீர் விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 தீர்ப்பில் சொன்னதே, அதற்கும் அங்கேதான் அளவு. டெல்டா விவசாயிக்கு அந்தக் கணக்கு எப்படியோ, இங்கே பரிசல் ஓட்டிக்கும் எனக்கும் அப்படியே. அதை வைத்துத்தான் எங்கள் வாரம் ஓடும்.

செய்தியில் "10,000 கன அடி" என்று வந்தால் அது ஒரு நொடிக்கு உள்ள அளவு. ஒரு கன அடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அப்படியென்றால் நொடிக்கு 2.8 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருக்கிறதே, அதில் 23 லாரி ஒவ்வொரு நொடியும் உங்களைத் தாண்டிப் போகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தது. அப்போது அருவி எது, ஆறு எது என்றே தெரியவில்லை, எல்லாம் ஒரே செம்மண் தண்ணீர்.

தண்ணீர் ஏறினால் மாவட்ட நிர்வாகம் முதலில் குளிக்கத் தடை போடும், பரிசலையும் நிறுத்தும். வடிய வடியத் தளர்த்துவார்கள். ஆனால் தடை நீங்கிய அன்றே முழு வழியும் திறக்கும் என்று நினைக்காதீர்கள். சில நாள் மேல்பக்கம் மட்டும் விடுவார்கள், சில நாள் மணல்திட்டு வரை விடுவார்கள். அதனால் "பரிசல் ஓடுதா?" என்று கேட்டால் போதாது. "பாறைக்குள்ள இறங்குறாங்களா, மணல்திட்டு வரைக்கும் போறாங்களா?" என்று கேளுங்கள். கேள்வி சரியாக இருந்தால்தான் பதில் சரியாக வரும்.

மழை இங்கே பெய்கிறதா என்று வானத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை. குடகிலும் வயநாட்டிலும் பெய்தால், கிருஷ்ணராஜசாகரும் கபினியும் நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் ஓரிரு நாளில் இங்கே வந்து நிற்கும். பென்னாகரத்தில் வெயில் மண்டையைப் பிளக்கும்போதே ஆற்றில் வெள்ளம் வரும். ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இப்படித்தான், சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து மழையும் சேர்ந்துகொள்ளும். மார்கழியிலிருந்து மாசி வரை பாறைக்கு ஏற்ற காலம். பங்குனி, சித்திரையில் சுவர்கள் இன்னும் உயரமாகத் தெரியும்; ஆனால் பதினொரு மணிக்கு மேல் அந்தப் பாறையே அடுப்பாகிவிடும். அந்த மாதத்தில் வந்தால் காலை எட்டரைக்குள் துறையில் இருங்கள். ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரும் லீவு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். செவ்வாய், புதன் வாருங்கள்.

வருகிற வழி

தர்மபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர். கிருஷ்ணகிரிக்காரர்கள் பாலக்கோடு, பாப்பாரப்பட்டி வந்து பென்னாகரம் சேரலாம். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று காட்டு வழி ஒன்று இருக்கிறது. பார்க்க அழகு, ஆனால் பகலில் மட்டும்.

பென்னாகரம் தாண்டி மடம் செக்போஸ்ட் வந்ததும் காடு தொடங்கிவிடும். அங்கிருந்து இறக்கம். கணவாய் ஆஞ்சநேயர் கோயில் பக்கத்து வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்காதீர்கள், கியரைக் குறைத்துப் பிடியுங்கள். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் பிரேக் தீய்ந்த வாடையோடு கீழே வந்து சேர்வதை நிறையப் பார்க்கிறேன். முண்டச்சிப்பள்ளம் பக்கம் யானை ரோட்டைக் கடக்கும். நின்றால் நீங்களும் நில்லுங்கள். இறங்கி போட்டோ எடுக்கிற ஆளை நான் என் வண்டியில் ஏற்றுவதில்லை.

துறையில்

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "பரிசலா சார், வாங்க" என்று சிலர் கூடவே நடந்து வருவார்கள். பேசலாம், பணம் மட்டும் கொடுக்காதீர்கள். துறையில் கட்டணப் பலகை உண்டு, சீட்டு தரும் கவுன்டர் உண்டு. அங்கேயே வாங்குங்கள். சீட்டு இல்லாமல் பாதி விலைக்குக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் பெயர்கூட எந்தக் கணக்கிலும் இருக்காது. தடை உள்ள நாளில் "மேல ஒரு இடம் இருக்கு, அங்கருந்து போலாம்" என்பவர்கள் பக்கமே போக வேண்டாம்.

ஒரு பரிசலுக்கு ஓட்டி போக நான்கு பேர். ஐந்தாவதாகக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சாதீர்கள். லைஃப் ஜாக்கெட் எல்லோருக்கும் கட்டாயம். கொடுத்ததைத் தோளில் மாட்டிக்கொண்டு போகாமல், எல்லாக் கொக்கியையும் பூட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் லூஸ் என்று அர்த்தம். மாற்றித் தரச் சொல்லுங்கள், தருவார்கள். போட்டோவுக்காக நடுவில் கழற்றுவது அடுத்த பைத்தியக்காரத்தனம்.

ஏறுவதற்கு முன்னால் பரிசல் ஓட்டியிடம் வழியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மெயின் அருவிப் பக்கம், ஐந்தருவி, தொம்பச்சிக்கல், பெரியபாணி, மணல்திட்டு என்று இடங்களின் பெயர் சொல்லிக் கேட்டால், விவரம் தெரிந்த ஆள் என்று அவரும் உற்சாகமாகிவிடுவார். எனக்குத் தெரிந்த ஓட்டி ஒருவர், வயதில் மூத்தவர், எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: "தண்ணி எங்க வரைக்கும் விடுதோ அங்க வரைக்கும் போலாம் தம்பி." அவரிடம் அதற்கு மேல் பேரம் பேசிப் பயனில்லை.

உட்காருவது

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. மூங்கில் பிளாச்சைப் பின்னி, வட்டமாக வளைத்து, விளிம்பைக் கட்டி, அடியில் நீர் புகாதபடி போர்த்தித் தார் பூசியிருப்பார்கள். அந்தக் காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தினார்கள்; பிறகு பிளாஸ்டிக் வந்துவிட்டது. அடி தட்டையாக இருப்பதால் சாணளவு தண்ணீரிலும் மிதக்கும், பாறைமேல் உரசிக்கொண்டே போகும். இங்கே மோட்டார் படகு விட்டால் ஒரே நாளில் அடி கிழிந்துவிடும். அதே தட்டை அடிதான் அதன் ஆபத்தும்: நேராகப் பிடித்து நிறுத்த அடியில் ஒன்றும் இல்லை. உங்கள் உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் சாயும்.

ஏறும்போது விளிம்பில் கால் வைக்காதீர்கள். நடுவில் வைத்து, உடனே உட்கார்ந்துவிடுங்கள். ஒருவர் உட்கார்ந்த பிறகு அடுத்தவர். கனமான இரண்டு பேர் எதிரெதிரே, சின்னப்பிள்ளைகள் நடுவில். கணவன் மனைவி பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவோம் என்று அடம்பிடித்தால் ஓட்டி சிரித்துக்கொண்டே பிரித்து உட்கார வைப்பார். அவர் சொன்னால் சொன்னதுதான். இறங்குகிறவரை யாரும் எழுந்து நிற்கக் கூடாது. தரை எப்படியும் ஈரமாக இருக்கும், அதனால் ஜீன்ஸ் போடாதீர்கள், நாள் முழுக்க காயாது. செருப்பு பிடிப்புள்ளதாக, பின்வார் வைத்ததாக இருக்கட்டும். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கயிறு. போனுக்குக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் உறை கரையிலேயே கிடைக்கும். பர்ஸ், வண்டிச் சாவி எல்லாம் வண்டியிலேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓட்டி எப்படித் துடுப்புப் போடுகிறார் என்று ஒரு நிமிஷம் கவனியுங்கள். படகுக்காரர்கள் பின்னால் தள்ளுவார்கள். இவர் தனக்கு முன்னால் துடுப்பை ஊன்றித் தண்ணீரைத் தன் பக்கம் இழுப்பார். ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது, இடையில் மணிக்கட்டில் ஒரு சின்னத் திருப்பல். அந்தத் திருப்பல் இல்லாவிட்டால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். நீரோட்டம் வேகமான இடத்தில் பாறையில் துடுப்பை வைத்து ஒரு உந்து உந்துவார். அங்கே மட்டும் நாமெல்லாம் முறத்தில் போட்ட ராகியாகத்தான் குலுங்குவோம். விளிம்பைக் கெட்டியாகப் பிடிக்கலாம். ஆனால் விரலை வெளிப்பக்கம் விடாதீர்கள். பாறையில் பரிசல் இடித்தால் முதலில் நசுங்குவது அதுதான்.

பாறைச் சந்தில்

மேல்பக்க ஆற்றில் கொஞ்ச தூரம் போனதும், தண்ணீர் அளவைப் பொறுத்து, ஒரு இடத்தில் எல்லோரையும் இறக்கி நடக்கச் சொல்வார்கள். ஓட்டி பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு, ஏறி இறங்கும் பாறைமேல் உங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பார். பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கறுப்பு வட்டமும் அதற்குக் கீழே இரண்டு கால்களும்தான் தெரியும். அந்த நேரத்தில் செல்ஃபிக்கு அவரை நிறுத்தாதீர்கள், பாரம் அவர் தலையில். பிறகு கீழே இறங்கி மறுபடியும் ஏறவேண்டும். அங்கிருந்துதான் விஷயம் தொடங்குகிறது.

முதலில் அருவிச் சத்தத்தில் பேசுவது கேட்காது, சாரல் முகத்தில் அடிக்கும். ஒரு வளைவு திரும்பியதும் சத்தம் பின்னால் தங்கிவிடும். தண்ணீர் கரும்பச்சையாக, அசையாமல் கிடக்கும். துடுப்பு சொட்டுகிற சொட்டும் கேட்கும். இரண்டு பக்கமும் சுவர். அண்ணாந்து பார்த்தால் நடுவில் ஒரு பட்டையாக வானம். இந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுச் சுவரைப் பாருங்கள்.

தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் பாறை வழவழவென்று தேய்ந்திருக்கும். அதற்கு மேலே வெளிறிய கோடுகள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒவ்வொன்றும் வெள்ளம் வந்து நின்று வடிந்த மட்டம். இன்னும் மேலே, உங்கள் தலைக்கு மேலே பல ஆள் உயரத்தில், பிளவுகளுக்குள் மரக்கட்டையும் துணிக்கந்தையும் செருகிக் கிடக்கும். யாரும் ஏறிப்போய் வைத்ததல்ல. 'தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன' என்பார்களே, அந்த முழத்தை அங்கே கண்ணாலேயே அளக்கலாம். தடை ஏன் போடுகிறார்கள் என்று என்னோடு சண்டை பிடிக்கிற ஆட்களுக்கு நான் காட்டச் சொல்வது அந்தக் கட்டைகளைத்தான்.

புவியியல் படிக்கிற மாணவர்களை ஒரு தடவை கூட்டி வந்தேன். அவர்கள் பரிசலில் ஏறுவதற்கு முன்பே பாறையைச் சுத்தியால் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இருட்டுச் சாம்பல் நிறத்தில் இருப்பது சார்னோக்கைட். அதற்குள் புகுந்து கிடக்கிற கார்பனடைட் என்கிற வகைக்குத்தான் அவர்கள் வந்தது. பூமிக்கு அடியிலிருந்து உருகி வந்த குழம்பில் சுண்ணாம்புச் சத்து நிறைந்திருந்தால் இப்படி ஆகுமாம். இங்கே உள்ளதற்கு வயது சுமார் 240 கோடி ஆண்டு. உலகத்திலேயே மிகப் பழைய கார்பனடைட்டுகளில் இதுவும் ஒன்று. மீன் வாசனைக்காக மட்டும் வருகிற ஊர் என்று நினைத்திருந்தேன்.

பாறை முனைகளில் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய் தலை தூக்கும். இந்த ஆற்றில் முதலையும் உண்டு, அதனால் தண்ணீரில் கை அளைந்துகொண்டே போகிற வழக்கம் வேண்டாம். நடுவழியில் இன்னொரு பரிசல் உரசிக்கொண்டு வந்து நிற்கும்: சிப்ஸ், கூல்டிரிங்ஸ், வெள்ளரிக்காய். மிதக்கும் பெட்டிக்கடை. வாங்குங்கள், ஆனால் கவரைப் பையில் வைத்துக் கொண்டுவாருங்கள். எங்கள் வீட்டுக் குழாயில் வருவது இந்த ஆற்றுத் தண்ணீர்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், பல்லும் எலும்பும் கெட்டுப்போன ஊர்கள் இருக்கின்றன. அதற்காகத்தான் 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. நீங்கள் போடுகிற கவர் எங்கள் குடத்துக்குப் பக்கத்தில் போடுகிற கவர்.

சுற்றுவதைப் பற்றி. ஓட்டிகள் பரிசலைப் பம்பரமாகச் சுழற்றிக் காட்டுவார்கள், பிள்ளைகள் கத்துவார்கள், ரீல்ஸுக்கு நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், மணல்திட்டுக்குப் பக்கத்தில் ஆறு அகலமாக, அமைதியாக இருக்கிற இடத்தில். தொடக்கத்திலேயே சுற்றச் சொன்னால் தலை கிறுகிறுத்து, பாறை வரும்போது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். வாந்தி வருகிறவர்கள், கழுத்துவலிக்காரர்கள் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மணல்திட்டில் இறக்கிவிட்டால் கால் நனைக்கலாம். நீச்சல் தெரியும் என்று உள்ளே போகாதீர்கள். மேலே சலனமே இல்லாமல் இருக்கிற இடத்தில் அடியில் பாறைக் குழியும் சுழலும் இருக்கும். கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் பழகியவர்களைத்தான் இந்த ஆறு அதிகம் ஏமாற்றுகிறது. குடித்துவிட்டு வந்தவர்களைப் பரிசலில் ஏற்றக் கூடாது, ஏற்றச் சொல்லித் தகராறும் செய்யக் கூடாது. கைக்குழந்தை, மாதம் ஏறிய கர்ப்பிணிகள் கரையிலேயே இருக்கட்டும். வயதானவர்கள் வரலாம், ஆனால் நடக்கிற பாறையும் இறங்குகிற படியும் முட்டிக்கு வேலை வைக்கும், அதைச் சொல்லிக் கூட்டி வாருங்கள். ஒரு பாட்டி படியைப் பார்த்துவிட்டு, "நான் இங்கயே மீன் வறுவல் வாசம் புடிச்சிட்டு உக்காந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று உட்கார்ந்துவிட்டார். விவரமானவர்.

மீன், எண்ணெய், குளியல்

வரிசை முக்கியம். வந்ததும் மீன் கடையில் கட்லா, ரோகு, வாளை, கெளுத்தி எது நன்றாக இருக்கிறதோ அதை உங்கள் கண் முன்னால் எடை போட்டு வாங்கி, சமைத்துத் தரும் அம்மாக்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட வருவோம், குழம்பா, வறுவலா, காரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, எல்லாம் அப்போதே பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு அப்புறம் பரிசல். திரும்பி வந்து, விருப்பமிருந்தால் எண்ணெய் மசாஜ், அருவிக் குளியல், கடைசியில் சாப்பாடு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு பரிசலுக்குப் போனால் வழுக்கும், வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனால் முதல் குலுக்கலிலேயே தெரியும்.

பயணம் பிடித்திருந்தால் ஓட்டிக்குத் தனியாக ஏதாவது கையில் கொடுங்கள். தடை போட்ட வாரங்களில் அவருக்கு வருமானமே இல்லை. பேரத்தை மீன் கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வந்து சேர்ந்த பிறகு தடை என்று தெரிந்தால், தொங்கு பாலமும் முதலைப் பண்ணையும் இருக்கின்றன, அரை நாள் ஓடும். அந்தப் பாறைகளை மட்டும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து மணிக்கு நான் வண்டியை எடுத்துவிடுவேன். இருட்டுவதற்குள் மடம் செக்போஸ்ட்டைத் தாண்டியாக வேண்டும். ஈரத் துணியோடு சீட்டில் உட்காரக் கூடாது, மாற்றுத் துணி கொண்டு வாருங்கள். மிச்சமிருக்கிற மீன் வறுவலை வண்டிக்குள் பிரிக்க வேண்டாம், அடுத்த நாள் எனக்குக் கல்யாண சவாரி இருக்கும்.